சிக்ஸ் பேக்கும் சில்லறைக் கணக்கும்

இதைப் படிக்கும்போது நீங்கள் சட்டைக்குள் ஒரு கையில்லாத பனியன் போட்டிருக்கக்கூடும். (போடாதவர்களும் படிக்கலாம். வெயில் அப்படி.) அதற்கு ‘சாண்டோ பனியன்’ என்று பெயர். கடையில் விசாரித்தால் அது ஒரு ரகம் என்பார்கள். ரகம் எல்லாம் கிடையாது ஸார், அது ஓர் ஆசாமியின் பெயர். யூஜின் சாண்டோ. 1867-ல் அன்றைய பிரஷ்யாவில் பிறந்தவர். மேடையில் இரும்புக் குண்டு தூக்கிக் காட்டுவதுதான் ஆரம்பத்தில் அவர் பிழைப்பு. 1893-ல் சிகாகோவில் அவரை வைத்து ‘ஷோ’ நடத்திய ஃபுளோரன்ஸ் ஸீக்ஃபெல்ட் என்ற அமெரிக்கர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஜனங்கள், முக்கியமாகப் பெண்கள், குண்டைப் பார்க்கவில்லை. குண்டைத் தூக்கிய கையைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து குண்டு பின்னால் போனது, கை முன்னால் வந்தது.

அப்புறம் சாண்டோ ஓர் இலையை மட்டும் உடுத்திக்கொண்டு போட்டோ எடுத்து விற்றார். 1901-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பெரிய உடலழகுப் போட்டி நடத்தினார். நடுவர்களில் ஒருவர், ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயில்! 1904-05-ல் இந்தியாவுக்கும் வந்து போனார். ஆள் போய்விட்டார், பெயர் தங்கிவிட்டது. நம்ம ஊரில் தண்டால், பஸ்கி எடுத்துப் புஜம் காட்டியவர்களெல்லாம் ‘சாண்டோ’ ஆனார்கள். தேவர் பிலிம்ஸ் சின்னப்பா தேவர்கூட டைட்டிலில் ‘சாண்டோ’ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர்தான்.

இத்தனை பீடிகையும் என் சித்தி மகனுக்காக. பெயரைச் சொன்னால் சித்தி எங்கள் வீட்டுப் படி ஏறமாட்டாள். ‘தம்பி’ என்றே வைத்துக்கொள்வோம்.

தம்பிக்கு இருபத்தேழு வயது. தரமணியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில், யாரோ வெள்ளைக்காரர்களின் இன்ஷூரன்ஸ் பாரங்களைச் சரிபார்க்கும் வேலை. கைக்கு வந்தது மாசம் இருபத்தாறாயிரம். ஒருநாள் அதை விட்டுவிட்டு வந்து, “நான் ஃபிட்னஸ் மாடல் ஆகப்போறேன்” என்றான்.

சித்தப்பா பேப்பரை மடித்து வைத்தார். ரிட்டயர்டு கவர்மென்ட் ஆசாமி. எதையும் முறைப்படி விசாரிப்பார்.

“அப்படின்னா? பாடி பில்டரா?”

“இல்லப்பா, அது வேற.”

“சினிமாவா?”

“அதுவும் வேற.”

“அப்போ துணிக்கடை வாசல்ல நிக்குமே, அந்தப் பொம்மையா?”

தம்பி பதில் சொல்லவில்லை. ஏனென்றால் சித்தப்பா கிட்டத்தட்ட சரியாகச் சொல்லிவிட்டார். பாடி பில்டர் என்பவர் மேடையில் நின்று நடுவரிடம் மார்க் வாங்குகிறவர். அவரைப் பார்த்தால் நமக்குப் பிரமிப்பு வரும், சட்டை வாங்கும் ஆசை வராது. ஃபிட்னஸ் மாடல் என்பவர், ‘கொஞ்சம் மெனக்கெட்டால் அடுத்த தீபாவளிக்குள் நானும் இப்படி ஆகிவிடுவேன்’ என்று உங்களையும் என்னையும் நம்பவைக்க வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் பவுடர் டப்பா, ஷூ, பனியன், ஜிம்மின் வருஷ சந்தா எல்லாம் விலைபோகின்றன. ஆணழகன் போட்டிக்காரர்களே இதைப் புரிந்துகொண்டு, 2013 முதல் மிஸ்டர் ஒலிம்பியா மேடையில் ‘மென்ஸ் ஃபிசிக்’ என்று ஒரு பிரிவு வைத்துவிட்டார்கள். அதில் மலை மலையாக இருக்க வேண்டாம். முழங்கால் வரை டிராயர் போட்டுக்கொண்டு பார்க்க லட்சணமாக இருந்தால் போதும்.

ராத்திரி சித்தி போன் செய்தாள். “டேய், நீ பி.காம் படிச்சவன்தானே? அவன்கிட்ட கணக்கா பேசி ஒரு வழிக்குக் கொண்டுவா.”

பி.காம் படித்தவனுக்குப் பேச வராது, சித்தி. எழுதத்தான் வரும். மறுநாள் கொளத்தூர் போகிற வழியில் நூறு ரூபாய்க்கு ஒரு பேரேடு வாங்கிக்கொண்டு போனேன். தம்பியிடம், “நீ மாடல் ஆகு, வேண்டாங்கலை. ஆனா ஒரு வருஷத்துக்கு வரவு செலவு நான்தான் எழுதுவேன். ஒரு முட்டை வாங்கினாலும் சொல்லணும்” என்றேன்.

“ஒண்ணு இல்லண்ணா, ஒரு நாளைக்குப் பன்னெண்டு” என்றான்.

பன்னிரண்டு முட்டையிலும் வெள்ளை மட்டும். மஞ்சளை என்ன செய்வது? சித்தி சாப்பாட்டுப் பொருளைக் கொட்டுகிற வம்சம் இல்லை. தினம் வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு சித்தப்பாவுக்கு மஞ்சள் ஆம்லெட். மூன்றாவது மாசம் சித்தப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் இரண்டு நிமிஷம் பேசவே இல்லையாம். மகனுக்கு சிக்ஸ் பேக் வருமுன்பே அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் வந்துவிட்டது. அந்த டெஸ்ட் செலவை தம்பி கணக்கில்தான் எழுத வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதமாக இருந்தார். எழுதினேன்.

பதினொரு மாசக் கணக்கைச் சொல்கிறேன். ஜிம் இருபத்திரண்டாயிரம். முட்டையும் எலும்பில்லாத கோழியும் எழுபத்தேழாயிரம். புரோட்டீன் பவுடர் எட்டு டப்பா, நாற்பத்தெட்டாயிரம். ‘போர்ட்ஃபோலியோ’ என்கிற படத்தொகுப்பு முப்பத்தைந்தாயிரம். உடம்பு ரோமம் எடுக்க, முடிவெட்ட, இன்னபிற பதினோராயிரம். இரண்டு தடவை பம்பாய் போய்வந்தது (அவன் மும்பை என்பான்) பதினாலாயிரம். ஆக மொத்தம் இரண்டு லட்சத்து ஏழாயிரம், சித்தப்பாவின் ரத்த டெஸ்ட் நீங்கலாக. விட்ட சம்பளத்தை ‘வாய்ப்புச் செலவு’ என்று பென்சிலால் ஓரத்தில் எழுதினேன். இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம். பேனாவால் எழுத மனசு வரவில்லை.

வரவு முப்பத்தேழாயிரம். ஆன்லைன் துணி கேட்டலாகுக்கு ஐந்து நாள் நின்றதற்கு இருபதாயிரம், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டாயிரம், ஒரு செல்போன் கடைத் திறப்பு விழாவில் ரிப்பனுக்குப் பக்கத்தில் நின்றதற்கு ஐயாயிரம். இதில் எட்டாயிரம் இன்னும் வரவேண்டியிருக்கிறது. ‘பற்பல கடனாளிகள்’ என்று பாடப்புத்தகத்தில் படித்தபோது அவர்கள் இப்படி போனை எடுக்காதவர்களாக இருப்பார்கள் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இதுபோக சரக்காகவும் ஒரு வரவு உண்டு. ஒரு சின்ன பவுடர் கம்பெனி, டப்பாவைக் கையில் பிடித்துப் படம் போடச் சொல்லி நாலு டப்பா இனாமாக அனுப்பியது. விலை இருபத்திநாலாயிரம். 2022 ஜூலை 1 முதல் ஒரு சட்டம் உண்டு. தொழில் சம்பந்தமாக ஒருவருக்கு வருஷத்தில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் இப்படிப் பொருளாகவோ சலுகையாகவோ கொடுத்தால், பத்து சதவிகித வரிக்கு வழி செய்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். தம்பிக்கு விளக்கினேன்.

“டப்பாவுக்கு டி.டி.எஸ்.ஸா? பத்து ஸ்பூனுக்கு ஒரு ஸ்பூன் சர்க்காருக்கா?”

“ஆமாம். அவங்களும் உடம்பைத் தேத்த வேண்டாமா?”

கோபித்துக்கொண்டு தண்டால் எடுக்கப் போய்விட்டான்.

இந்தத் தொழிலில் என்னை உறுத்தியது நஷ்டம் இல்லை. முதல் வருஷம் எந்தக் கடையும் நஷ்டம்தான். சொத்துதான் விபரீதமாக இருந்தது. காலேஜில் தேய்மானத்துக்கு இரண்டு வழி சொல்லிக்கொடுத்தார்கள். நேர்க்கோட்டு முறை ஒன்று, குறைந்து செல் இருப்பு முறை ஒன்று. வயிற்றுத் தசைக்கு மூன்றாவதாக ‘கல்யாண விருந்து முறை’ என்று ஒன்று தேவைப்படுகிறது. ஒரே பந்தியில் முக்கால்வாசி சொத்து காலி. பத்து வருஷம் உழைக்கும் தறி வாங்கலாம், லாரி வாங்கலாம். இந்தச் சொத்து ‘முழுசாக’ இருப்பது வருஷத்தில் ஏழெட்டு நாள். அந்த ஏழெட்டு நாளில்தான் போட்டோ எடுக்கிறார்கள். அதைத்தான் நாம் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்துவிட்டு, நம் தொப்பையைத் தொட்டுக்கொள்கிறோம்.

திருப்பூர் போனபோது அதை நேரிலேயே பார்த்தேன். ‘மானேஜர்’ என்ற ஹோதாவில் நானும் சேரன் எக்ஸ்பிரஸில் கூடப் போனேன். தம்பி நாலு நாளாக உப்புச் சேர்க்கவில்லை. அரிசியை ஏறக்குறைய நிறுத்தி, கடைசியில் திரும்பக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டான். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீரும் கிடையாது. உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. மாவுச்சத்து தசைக்குள் சேரும்போது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரை இழுத்துக்கொண்டு உட்காருமாம். தோலுக்கு அடியில் இருக்கும் தண்ணீர் வடிந்து, தசைக்குள் இருப்பது மட்டும் தங்கினால் வயிற்றில் கட்டம் கட்டமாகக் கோடு தெரியும் என்பது இவர்கள் சித்தாந்தம். உடம்பு இவ்வளவு சொன்னபடி கேட்குமா என்று தெரியவில்லை. சேரன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் ஆசாமி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோது தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டேன்.

ஸ்டூடியோ என்பது பனியன் மூட்டைகள் அடுக்கிய ஒரு கோடவுன். ஒரு மூலையில் வெள்ளைத்தாள் திரை. படத்துக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் தம்பி இருபது தண்டால் எடுத்தான், ரப்பர் பட்டையைப் பிடித்து இழுத்தான். ரத்தம் ஏறிக் கையும் மார்பும் உப்ப வேண்டும். அந்த உப்பல் சில நிமிஷம்தான் நிற்கும். எண்ணெய் தடவினார்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தார்கள். நேராக வைத்தால் கோடெல்லாம் மறைந்து, நீங்களும் நானும் மாதிரி ஆகிவிடுவானாம்.

பதினோரு மணிக்கு அவன் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நீவி விட்டேன். பன்னிரண்டரைக்கு, “அண்ணா, லைட்டு மங்கலா இருக்கே” என்றான். விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அப்படியே மூட்டைமேல் சரிந்து உட்கார்ந்தான். கை ஜில்லென்றிருந்தது.

வாசலில் நின்றிருந்த டெம்போ டிரைவர்தான் ஓடிப்போய் இளநீர் வெட்டி வாங்கிவந்தார். போட்டோகிராபர் தயங்கினார். “இன்னும் ரெண்டே ரெண்டு டிரெஸ்ஸுதானுங்க. குடிச்சா வயிறு உப்பிக்கும்ங்க...” முதலாளி வயசானவர். அவரைக் கையமர்த்திவிட்டு, “எடுத்த வரைக்கும் போதும்ங்க. தம்பி, நீங்க குடிங்க கண்ணு” என்றார். இரண்டு இளநீர் குடித்தான். பத்து நிமிஷத்தில் உட்கார்ந்து சிரித்தான். முழுப் பணமும் அன்றே கொடுத்தார்கள். எட்டாயிரம் பாக்கி வைத்திருப்பது வேறு ஆசாமி.

திரும்பி வரும்போது, வருஷத்துக்கு எத்தனை தடவை இப்படி என்று கேட்டேன். “சான்ஸ் வந்தா மாசம் ரெண்டு தடவைகூட இருக்கும்ணா” என்றான்.

அடுத்த மாசம் அதைவிடப் பெரிய சமாசாரம் வந்தது. ஒரு பெரிய பவுடர் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு ‘கோ-ஆர்டினேட்டர்’ சொன்னார். முகம் ஓகே, உயரம் ஓகே, ‘சைஸ்’ மட்டும் பத்தாதாம். மூன்று மாசம் டைம். ராத்திரி பத்து மணிக்குத் தம்பி என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு துண்டுத்தாள். யாரோ எழுதிக்கொடுத்த பன்னிரண்டு வார ‘கோர்ஸ்’. வாரம் இத்தனை ஊசி, நடுவில் இன்ன மாத்திரை, கடைசி வாரம் தண்ணீரை வெளியே தள்ளும் மாத்திரை. மொத்தம் பதினெட்டாயிரம். எழுதினவர் டாக்டர் இல்லை. கையெழுத்து மட்டும் டாக்டர் மாதிரி இருந்தது.

“அண்ணா, இதை எந்தக் கணக்குல எழுதுவ? செலவா, முதலீடா?”

பேரேடு மேஜைமேல்தான் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கடன் கணக்குல எழுதுவேன்” என்றேன். “எவ்வளவு வட்டி, எப்போ திருப்பிக் கட்டணும், ஜாமீன் யாரு, இது எதுவுமே இந்தத் தாள்ல இல்லை. ஈரலா, இதயமா, நாளைக்குப் பிறக்கப்போற புள்ளையா? எதை எடுத்துக்குவான்னு சொல்லாத கடன்காரன்கிட்ட எவனாவது கையெழுத்துப் போடுவானா?”

அவன் பேசவில்லை. நான் முகமது பெனாஸிஸா கதையைச் சொன்னேன். அல்ஜீரியாவில் பிறந்த பிரெஞ்சு ஆணழகர். மிஸ்டர் ஒலிம்பியாக்களோடு சரிசமமாக மோதினவர். 1992 அக்டோபரில் நெதர்லாந்தில் ஒரு போட்டியில் ஜெயித்தார். சில மணி நேரத்தில் இறந்துபோனார். தண்ணீரை வெளியேற்றும் மருந்துதான் காரணம் என்று அந்த வட்டாரத்திலேயே பரவலாகச் சொன்னார்கள். கோப்பை வாங்கிய நாளும் போன நாளும் ஒன்று.

“திருப்பூர்ல உனக்கு லைட்டு மங்கினது மாத்திரை போடாமலே” என்றேன்.

தம்பி தண்ணீர் கேட்டான். ஒரு சொம்பு முழுக்கக் குடித்தான். எழுந்து போனான். தாள் மேஜையிலேயே கிடந்தது. மறந்துவிட்டானா, விட்டுவிட்டானா என்று இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் போன் செய்து, “அந்தத் தாளைக் கிழிச்சிடுண்ணா, அம்மா கண்ல பட்டுடப்போவுது” என்றான்.

விளம்பரம் வேறொரு பையனுக்குப் போனது. அந்தப் படத்தைத் தம்பியே எனக்குக் காட்டினான். பையன் பிரமாதமாக இருந்தான். அதில் பொறாமைப்படவும் முடியாமல், பாராட்டவும் முடியாமல் என் தம்பி விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரம் ஜிம் பக்கமே போகவில்லை. சித்தி மட்டும் சந்தோஷப்பட்டு முருங்கைக்காய் சாம்பார் வைத்தாள்.

அந்த வாரத்தில்தான் நான் அவனுக்கு சாண்டோ கதையைச் சொன்னது. போட்டோவில் மட்டும் அவர் சம்பாதித்திருந்தால் இரண்டு வருஷத்தில் ஆள் காலி. உடற்பயிற்சிப் பள்ளிக்கூடம் நடத்தினார், பத்திரிகை போட்டார், டம்பெல் விற்றார், கோகோ பவுடர்கூட விற்றார். (கோகோ கவிழ்த்துவிட்டது, அது வேறு விஷயம்.) அர்னால்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1967-ல் இருபது வயதில் மிஸ்டர் யுனிவர்ஸ். அடுத்த வருஷம் அமெரிக்கா போனவர், தன் சிநேகிதர் ஃபிராங்கோ கொலம்புவோடு சேர்ந்து செங்கல் கட்டும் கொத்தனார் கம்பெனி நடத்தினார்! 1971-ல் கலிபோர்னியாவில் பூகம்பம் வந்து புகைபோக்கியெல்லாம் விழுந்ததும் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனதாம். கூடவே தபாலில் உடற்பயிற்சிப் பாடமும் விற்றார். உடம்பு கடை வாசலில் மாட்டின போர்டு, தம்பி. போர்டு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே சரக்கு விற்றாக வேண்டும்.

“மிலிந்த் சோமன்?” என்றான், மடக்குகிற மாதிரி.

நியாயமான கேள்வி. 1995-ல் அலிஷா சினாயின் ‘மேட் இன் இண்டியா’ வீடியோவில் பெட்டிக்குள்ளிருந்து அவர் வந்து நின்றபோது தேசமே திரும்பிப் பார்த்தது. அவர் ஏற்கெனவே தேசிய நீச்சல் சாம்பியன். 2015-ல், ஐம்பதை நெருங்கும் வயதில், ஜூரிக்கில் அயர்ன்மேன் போட்டியை முடித்தார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் ஒரு முழு மாரத்தான். அவரைத் தேய்மானப் பட்டியலில் எப்படி எழுதுவது என்று எனக்கு வாத்தியார் சொல்லித்தரவில்லை. விதிவிலக்கு என்று ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

தம்பிக்கு முதல் வாடிக்கையாளர் தானாக வந்து சேர்ந்தார். யார் தெரியுமா? தரமணி ஆபீஸில் அவன் ராஜினாமாவை வாங்கிக்கொண்டு, “யோசிச்சுப் பண்ணுப்பா” என்று உபதேசம் செய்த அதே டீம் லீடர்! நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்புப் பிடித்துவிட்டது. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியவில்லை. தம்பியின் படத்தைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தார். மூன்று மாசத்தில் லேஸ் கட்டினார். அடுத்து அவர் ஆபீஸிலிருந்தே இன்னும் மூன்று பேர். தம்பி முறைப்படி ஒரு டிரெயினர் கோர்ஸும் படித்துச் சான்றிதழ் வாங்கினான். (அந்த மாதிரி கோர்ஸை மூலதனக் கணக்கில் சந்தோஷமாக எழுதலாம்.) இப்போது ஆறு பேர். தலைக்கு நாலாயிரம். மாசம் இருபத்திநாலாயிரம். பழைய சம்பளத்துக்கு இன்னும் இரண்டாயிரம் குறைச்சல். பென்சிலால் எழுதினதை அழிக்க ரப்பர் தயாராக வைத்திருக்கிறேன்.

மாடலிங்கை விடவில்லை. மாசம் ஒரு கேட்டலாக் வந்தால் போகிறான். தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறான். கோடு கொஞ்சம் மங்கல்தான், வருகிற பணமும் கொஞ்சம் கம்மிதான்.

சொல்ல மறந்தேனே, திருப்பூர் பனியன் டப்பா வந்துவிட்டது. வில்லிவாக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சித்தி சித்தப்பாவுக்கு பனியன் எடுக்கப் போனபோது பார்த்திருக்கிறாள். டப்பாமேல் கழுத்திலிருந்து இடுப்புவரைதான் படம். தலையை வெட்டிவிட்டார்கள். வயிற்றுக்காகத்தானே அத்தனை பட்டினி, முகத்தை யார் கேட்டார்கள்? ஆனால் சித்திக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. இடது தோளில், ஏழு வயசில் மாமரத்திலிருந்து விழுந்து மூன்று தையல் போட்ட தழும்பு. படத்தில் எதை எதையோ பளபளப்பாக்கினவர்கள் அதை விட்டுவைத்திருக்கிறார்கள். சித்தி கடைக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லையாம். சித்தப்பா சைஸ் இல்லாதபோதும் இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒன்று பீரோவில் பட்டுப்புடவைக்கு மேல் இருக்கிறது.

இன்னொன்று போன ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்தது. காட்பாடியிலிருந்து பெண் வீட்டார் வந்திருந்தார்கள். தம்பி ஏழு மணி பேட்ச் முடித்துவிட்டு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

“மாப்பிள்ளை என்ன பண்றார்?” என்றார் பெண்ணின் அப்பா.

“சொந்தத் தொழில்” என்றார் சித்தப்பா, பேப்பரைப் பார்த்துக்கொண்டே. நான் பேரேட்டைக் கொண்டுவந்திருந்தேன், தேவைப்பட்டால் காட்டலாம் என்று. அதற்குள் சித்தி உள்ளே போய், காபி டிரேயோடு டப்பாவையும் கொண்டுவந்து டீபாயில் வைத்துவிட்டாள்.

அவர் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்தார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தலை எங்கம்மா?”

“இதோ, இப்ப வந்துடும்” என்றாள் சித்தி.